மக்கும், மக்காது, ஊசி

ஜூலை 3, வியாழன்

சாரல். மேற்கே மலை இருந்த இடத்தில் மேகம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஒவ்வொன்றாக அதற்குள் நுழைந்து காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. மச்சான் (என் கணவர்) அடுப்பைத் துடைத்துவிட்டு, மிச்சப் பாலில் தானே டீ போட்டுக் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இன்றைய வேலை: தோப்புத் தெரு, கடைசி வீடு. வெளிநாட்டுக்காரர்கள். ஈரக் குப்பை, காய்ந்த குப்பை எல்லாம் ஒரே மூட்டை. குப்பை வண்டிக்காரர்கள் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். மேற்பார்வையாளர்: "ரகுமத்து, நீதான் பன்னெண்டு வரைக்கும் படிச்சவ. இங்கிலீசுல ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாத்தா."

என் வேலைக்குப் பேரூராட்சியில் பெயர் பரப்புரையாளர். எது மக்கும், எது மக்காது என்று வீடு வீடாக ஏறிச் சொல்வது. ஊருக்குள் குப்பை டீச்சர்.

கொண்டுபோனது: பச்சை வாளி, நீல வாளி, வாழைப்பழத் தோல், பால் கவர், செத்துப்போன பேட்டரி.

கதவைத் திறந்தவளுக்கு என்னைவிட ஒரு முழம் உயரம். தலை முழுக்க நரை. கம்பத்துக் கடையில் வாங்கிய பூப்போட்ட நைட்டி, மேலே ஒரு துண்டு, தெருவில் மற்ற பெண்கள் போட்டிருப்பது போலவே. பெயர் ஹலினா. போலந்து தேசம். கணவர் தோமாஷ் காற்றாலை பழுது பார்க்க வந்தவர், காலையில் கம்பெனி கார் வந்து அழைத்துப் போய்விடும். அவளுக்கு என் அளவுக்குத்தான் இங்கிலீஷ். தெருவில் அதற்குள் ஹலிமா ஆகிவிட்டாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

போனில் அவள் பாஷையில் பேசித் தமிழாக்கிக் காட்டினாள். போன் ஆண் குரலில், "இந்த ஈரமான வீண் எங்கே வசிக்க வேண்டும்?" என்றது. இரண்டு பேருக்கும் சிரிப்பு. போனை மூடிவைத்தோம். அப்புறம் கையும் சாமானும்தான். தோல், பச்சை. கவர், நீலம். முட்டை ஓட்டைக் காட்டினாள். பச்சை. சீப்பில் சிக்கிய முடி. எனக்கே கொஞ்சம் யோசனை. டீத்தூள் பை ஒன்றை எடுத்துவந்து நூலைத் தனியே, நூலில் இருந்த பின்னைத் தனியே, தூளைத் தனியே பிரித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு மரியாதையாகக் குப்பையைக் கேட்டுக்கொண்டவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை.

மாடிக்குக் கூட்டிப்போனாள். காற்றாலைகள் மேகத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. இறக்கை கீழே வரும்போது தெரிகிறது, மேலே போனால் கரைந்துவிடுகிறது. சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம், தெரியாது.

ரேஷன் கடைக்குப் போக மறந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ஹலிமா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நானும் இருந்தேன். இரண்டு வாளியும் சரி. பாண்டியம்மா அக்கா (வண்டியில் குப்பை வாங்கிப் பிரிப்பவர், இனி பா.அக்கா) எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுகளவிட வெளிநாட்டுக்காரி தேவல" என்றது.

"மக்கும்" என்று சொல்லிக் கொடுத்தேன். ஹலிமா அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாயில் உருட்டினாள். மக்கூம். மாக்கும். பிறகு திடீரென்று உள்ளே ஓடி ஒரு பாட்டில் எடுத்துவந்தாள். கசகசா! அவர்கள் பாஷையில் அதற்கு மாக் என்று பெயராம். போனில் படம் காட்டினாள். வயல் முழுக்கச் சிவப்புப் பூ, காகிதம் போல. குருமாவுக்கு அரைக்கிற கசகசாவுக்கு இப்படி ஒரு பூ இருக்கும் என்று இந்த வயசு வரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆக, அவளுக்குப் பச்சை வாளி என்றால் கசகசா வாளி. இருக்கட்டும். மறக்க மாட்டாள்.

ஜூலை 7, திங்கள்

காற்று. துணி காயப்போட்டால் அடுத்த வீட்டில் தேட வேண்டியிருக்கிறது.

பகலில் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. ஊருக்கு வெளியே நம் உரக்கிடங்கு. குழிகளெல்லாம் சிவப்புப் பூ. பா.அக்கா இடுப்பளவு பூவுக்குள் நின்று எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறது. "என்னக்கா தேடுறீக?" என்றால் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறது. எழுந்த பிறகும் வெகு நேரம் அந்தச் சிவப்பு கண்ணில்.

ஹலிமாவுக்கு அடுத்த வீடு சபியா அக்கா. மகள் ரிஸ்வானாவுக்குச் சின்னமனூரில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருகிறார்களாம். "வாசல்ல குப்ப வண்டிய நிப்பாட்டாதத்தா, நல்லா இருக்காது" என்றார் சபியா அக்கா. சரி என்றேன். ரிஸ்வானா கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். மெலிந்த பெண். எப்போதும் ஏதோ ஒரு மிட்டாய் கையில்.

வாங்க: உளுந்து, சோப்பு, மச்சானுக்குத் தலைவலித் தைலம்.

ஜூலை 9, புதன்

எழுதக் கை வரவில்லை.

காலையில் தோப்புத் தெருவில் பா.அக்கா கையில் ஊசி ஏறிவிட்டது. ஹலிமா வீட்டுச் சுவரோரம் ஒரு கருப்புக் கவர் கிடந்திருக்கிறது. பிரித்தால் எச்சில் வாழையிலைகள். பச்சை வாளிக்குத் தள்ளலாம் என்று கையை விட்டிருக்கிறது. கையுறை போட்டுத்தான் இருந்தது. ஊசிக்குக் கையுறை என்ன செய்யும்? உள்ளங்கையில் ஆழமாக. மருந்து ஏற்றும் சிறு ஊசி, மூடி இல்லை.

நான் போகும்போது பா.அக்கா தெருக்குழாயில் கையைக் காட்டியபடி நின்றது. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரத்தம் கொஞ்சம்தான். முகம்தான் வெளுத்திருந்தது.

"யாரு குத்துன ஊசின்னு தெரியலயே ரகுமத்து. அவுகளுக்கு என்ன சீக்கோ."

ஆட்டோ பிடித்து அரசாஸ்பத்திரி. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த ஊசியைப் போட்டவர் யார் என்று தெரிந்து, அவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் கவலை இல்லை. தெரியாவிட்டால் எய்ட்ஸ் வராமல் தடுக்க ஒரு மாதம் மாத்திரை. முதல் மாத்திரையை உடனே போட வேண்டும் என்று அங்கேயே தண்ணீர் கொடுத்து விழுங்கவைத்தார்.

எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பா.அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் திராட்சைப் பந்தல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஜூலை 10, வியாழன்

தெருவே ஒரே குரல். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு ஊசிதான். வேறு யார்?

காதில் விழுந்தவை:
"அவுக ஊருல போதை ஊசி போடுவாகளாம்ல."
"சுவத்தோரமாத்தான கெடந்துச்சு, பெறகென்ன."
"வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு. காலி பண்ணச் சொல்லுறேன்னுட்டாக."

எச்சில் வாழையிலை. ஹலிமா வீட்டில் ஏது வாழையிலை? தட்டில் முள்கரண்டி வைத்துச் சாப்பிடுகிறவர்கள். செவ்வாய்க்கிழமை இந்தத் தெருவில் யார் வீட்டில் இலை போட்டு விருந்து என்று யோசிக்க ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன். நிறுத்தினாலும் மனசு அதையே சுற்றுகிறது.

ஹலிமாவிடம் போய்ச் சொன்னேன். படம் வரைந்து காட்டினேன்: கவர், கை, ஊசி. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "பாண்டியம்மாக்கா சாப்பிட்டாளா?" அக்காவையும் சேர்த்து அதுதான் பெயர் என்று நினைத்திருக்கிறாள். தெரு அவளைச் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 11, வெள்ளி

தோமாஷ் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டினார்கள். எங்கள் ரத்தத்தையும் பாருங்கள், அந்த அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதி என்றால் நல்லதுதானே என்று. நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். செய்யாததற்குக் கை நீட்டுகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது.

ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. வராமல் என்ன? அவர்கள் வீட்டில் ஊசியே இல்லை. தெரு நம்பவில்லை. பா.அக்கா மட்டும் நம்பியது. "ஹலிமா கண்ணப் பாத்தாலே தெரியும் ரகுமத்து. அது போடல."

பா.அக்காவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. தின்றதெல்லாம் வாந்தி.

ஜூலை 14, திங்கள்

மழை இல்லை, வெயிலும் இல்லை. நாள் முழுக்க விடியற்காலை மாதிரியே.

பா.அக்கா வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பாயில் சுருண்டு கிடந்தது. கஞ்சியும் நிற்கவில்லை. கணவரிடம் எந்த மாத்திரை என்று சொல்லவில்லையாம். "சொன்னா எனக்கு அந்தச் சீக்குன்னே நம்பிருவாக. அப்புறம் தம்ளரத் தனியா வைப்பாக." சிரித்துக்கொண்டேதான் சொன்னது.

ஹலிமா ஒன்று செய்திருக்கிறாள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடி, மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. பாட்டில் முழுக்கச் சிவப்புச் சாயம். மேலே வெள்ளையில் ஊசிப் படம். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததாம், வீட்டில் இப்படித்தான் சேர்ப்பார்களாம். அதைத் தன் சுவர்க் கம்பியில், தெருப் பக்கமாகக் கட்டிவிட்டாள். யார் வேண்டுமானாலும் போடலாம். யாரும் பார்க்க வேண்டாம்.

தமிழில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னாள். 'ஊசியை இதில் போடுங்கள்.' கொஞ்சம் யோசித்து இன்னொரு வரியும் சேர்த்தேன். 'யார் என்று கேட்க மாட்டோம்.'

ஜூலை 16, புதன்

பாட்டிலில் ஊசிகள்! குலுக்கினால் சத்தம் கேட்கிறது.

மேற்பார்வையாளர், "மறைஞ்சி நின்னு பாத்தா ஆளு சிக்கிரும்ல" என்றார். முடியாது என்றேன். கேட்க மாட்டோம் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

பா.அக்காவிடம் போனில் சொன்னேன். "அப்ப ஆளு இங்கனதான் இருக்காக" என்றது. குரலில் கோபம் இல்லை. ரொம்பத் தூரத்திலிருந்து பேசுவது போல இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னேன். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. பச்சை, நீலம், சிவப்பு பாட்டில். அதோடு இதுவும்: "பாண்டியம்மா அக்கா தெனமும் வாந்தி எடுத்துக் கெடக்காக. ஊசி போட்டவுக வந்து ஒரு சொட்டு ரத்தம் குடுத்தா அந்த மாத்திரைய நிப்பாட்டலாம்னு டாக்டர் சொல்லியிருக்காக. பேரு வெளிய வராது."

சபியா அக்கா வாசலிலும் அதே பேச்சு, அதே குரல். கூட ஒரு வார்த்தை இல்லை. அவர் உலையைப் பார்க்கப் போவதாக உள்ளே போய்விட்டார். கதவுக்குப் பின்னால் ஒரு ஜோடிப் பாதம் மட்டும் அசையாமல் நின்றது.

ஜூலை 19, சனி

பஸ் ஸ்டாப்பில் ரிஸ்வானா. குடை இல்லை, முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. நான் உத்தமபாளையம் போக நின்றிருந்தேன்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு?"

என் பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு ஏறினேன். நான் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே தென்னைகள் எல்லாம் நீருக்கடியில் நிற்பது போல. ரொம்ப தூரம் போன பிறகு அவளே பேசினாள்.

பத்தாவது படிக்கும்போதிருந்து சர்க்கரை. ஊசி போடாவிட்டால் உயிர் நிற்காது. மருந்தெல்லாம் மதுரையில் வாங்குவது, இங்கே வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அன்றைக்கு விருந்து இலைகளோடு ஊசியையும் சேர்த்துக் கட்டி, வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுச் சுவரோரம் வைத்தது அம்மா.

"அம்மாவ ஒண்ணும் நெனச்சுக்காதீக அக்கா. எனக்காகத்தான் செஞ்சாக."

"நீ வந்தது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தையல் கிளாசுன்னு சொல்லிட்டு வந்தேன்."

ரத்தம் எடுக்கும்போது நர்ஸ் நரம்பைத் தேடினார். ரிஸ்வானா தன் விரலால் சரியான இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். மிட்டாய் எதற்கு என்று இப்போது புரிந்தது. சர்க்கரை சட்டென்று இறங்கினால் மயக்கம் வருமாம்.

ஜூலை 21, திங்கள்

ஒன்றும் இல்லை. ரிஸ்வானா ரத்தத்தில் பயப்பட எதுவும் இல்லை. பா.அக்கா மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்கும் மேல் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அல்ஹம்துலில்லா.

பேர் சொல்லாமல் சேதியை மட்டும் பா.அக்காவிடம் சொன்னேன். ஒரு பெருமூச்சு. அப்புறம், "மீன் கொழம்பு வைக்கணும்" என்றது.

ஜூலை 23, புதன்

பா.அக்கா வேலைக்கு வந்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

சாரல். தோப்புத் தெருவில் வண்டி நிற்கும்போது எப்போதும்போல எல்லாரும் வாளியோடு வாசலில். ஹலிமாவும். ரிஸ்வானா வீட்டிலிருந்து இறங்கி நேரே வண்டிக்கு வந்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் பார்க்கவில்லை.

"அக்கா, அந்த ஊசி என்னோடது. எனக்குச் சர்க்கரை. ஹலிமாக்கா வீட்டு ஊசி இல்ல."

தெரு அப்படியே நின்றது. யாருடைய கையிலோ வாளிக் கைப்பிடி மட்டும் கிரீச்சென்றது.

பா.அக்கா கையுறையைக் கழற்றியது. "தெனமுமா குத்திக்கிற ஆத்தா?"

"நாலு தடவ."

"நாலு தடவையா. எனக்கு ஒரு தடவைக்கே இந்தப் பாடு." அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, "போ, உள்ள போ. நனையாத" என்றது.

ஹலிமாவுக்கு எல்லாம் புரிந்ததா தெரியவில்லை. தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு ரிஸ்வானாவின் தோளில் கை போட்டு அவள் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். இரண்டு பேரும் நடந்துபோனது ஏனோ மெதுவாக, நீரில் நடப்பது போல எனக்குத் தெரிந்தது.

மதியம் சபியா அக்கா என் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. "ஒன் வாளிக்கும் கவருக்கும் என் பிள்ள வாழ்க்கையப் போட்டுட்டியேத்தா." அவ்வளவுதான், போய்விட்டார். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹலிமா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சாயங்காலம் ஆளிடம் தேங்காய் பத்து கொடுத்தனுப்பினாராம். காலி பண்ணச் சொன்னது பற்றிப் பேச்சே இல்லை.

ஜூலை 25, வெள்ளி

மலை தெரிந்தது. ரொம்ப நாள் கழித்து, கழுவிவைத்தது போல.

ரிஸ்வானா மாப்பிள்ளையிடம் தானே போனில் சொல்லிவிட்டாளாம். அவர் 'ம்' என்றாராம். அதன்பிறகு அங்கிருந்து சத்தமே இல்லை.

ஜூலை 28, திங்கள்

சபியா அக்கா ஆள் விட்டிருந்தார், உடனே வா என்று. போனால் மாப்பிள்ளையின் அம்மா, தனியாக வந்திருக்கிறார். பஸ்ஸில். காலைச் சாப்பாட்டு நேரம். சபியா அக்கா கொண்டுவந்த டீ பாதி தட்டில். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவர் வேண்டும் போலிருந்திருக்கும்.

அந்த அம்மா டீயைத் தொடவில்லை. ரிஸ்வானாவைப் பார்த்து, "ஊசி போடுற நேரந்தான இது? போடு. நான் பாக்கணும்" என்றார்.

சபியா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரிஸ்வானா மருந்தை எடுத்தாள், அளவு பார்த்தாள், வயிற்றோரம் குத்தினாள். காற்றில் ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. அந்த அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"வலிக்குமா?"

"பழகிருச்சு மாமி."

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ரிஸ்வானா நின்றாள், எங்கே போடுவது என்று கூச்சப்பட்டுக்கொண்டு. அந்த அம்மா டீயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீதான குப்பை டீச்சரு? எங்க தெருவுக்கு வண்டி விடியக்காலையே வந்துரும். இந்த ஊசிய அங்கன எதுல போடணும்னு இப்பவே சொல்லிரு. பெறகு இவ வந்து முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது."

சபியா அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சின்னமனூரில் ஊசியைத் தனியாக வாங்குகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.